நாலு பக்கமும் இரண்டு வரியும்

சென்ற வாரம் ஒரு சகோதரி எனக்கு நாலு பக்கம் கடிதம் எழுதியிருக்கிறார். "ஊரையும் பேரையும் போட்டுவிடாதீர்கள்" என்று கடைசியில் ஒரு வேண்டுகோள். போடவில்லை. போட்டாலும் நஷ்டமில்லை என்றுதான் தோன்றுகிறது. ஏனென்றால், கடிதத்தின் சாரத்தை நான் சொல்லச் சொல்ல, "அடடே, இது நம் வீட்டு விஷயமல்லவா!" என்று உங்களில் பலர் நிமிர்ந்து உட்காரத்தான் போகிறீர்கள்.

பையனுக்கு வயது 9. நாலாம் வகுப்பு. காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவன். சாப்பிட உட்கார்ந்தால் இரண்டு வாய்க்கு ஒரு தரம் எழுந்து ஓடுகிறான். மாதத்துக்கு ஒரு டஜன் பென்சில் வாங்கிக் கொடுத்தாலும் பள்ளிக்கூடம் கிளம்பும்போது பையில் ஒன்றுகூட இருப்பதில்லை. டிபன் டப்பா, தண்ணீர் பாட்டில், ஒரு தடவை ஒற்றைக் கால் ஷூ, எல்லாம் காணாமல் போயிருக்கின்றன. (ஒற்றை ஷூ எப்படித் தொலையும் என்று கேட்காதீர்கள், தொலைந்திருக்கிறது!) டீச்சர் கேள்வியை முடிப்பதற்குள் பதில் சொல்லிவிடுவான். அதே பதிலைப் பரீட்சையில் எழுதச் சொன்னால், பாதியில் நிறுத்திவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருப்பான். டைரியில் வாரம் தவறாமல் சிவப்பு மையில் புகார்.

இதற்கு வீட்டில் ஆளுக்கொரு தீர்ப்பு. "நானும்தான் ஐந்து பெற்றேன், ஒன்றாவது இப்படி உண்டா? எல்லாம் வளர்ப்பு!" என்கிறார் மாமியார். கணவரோ, "நானும் சின்ன வயசிலே இப்படித்தான் இருந்தேன். அப்பா புளிய விளாறால் நாலு போட்டார், சரியாய்ப் போச்சு" என்கிறார். இருவருக்கும் நடுவில் இந்தச் சகோதரி. வேலைக்கும் போகிறவர். சாயங்காலம் ஆறு மணிக்கு வீட்டுப் பாடம் ஆரம்பித்தால் எட்டு மணிக்கு அடியில் முடிகிறதாம். அவன் தூங்கிய பிறகு, அடித்த கையாலேயே அவன் முதுகைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பாராம்.

ஆபீஸ் தோழி ஒருத்தி யோசனை சொல்லி, குழந்தைகளுக்கான மனநல டாக்டர் ஒருவரிடம் வருகிற 18-ஆம் தேதிக்கு நேரம் வாங்கியிருக்கிறார். விஷயம் தெரிந்ததும் மாமியார், "பிள்ளையைப் பைத்தியம் என்று ஊருக்கெல்லாம் தமுக்கடிக்கப் போகிறாயா?" என்று கேட்டுவிட்டு இரண்டு வேளை சாப்பிடவில்லை. "போகட்டுமா, வேண்டாம் என்று சொல்லிவிடட்டுமா?" இதுதான் சகோதரியின் கேள்வி.

போங்கள். அவசியம் போங்கள். அந்த 18-ஆம் தேதியைப் பற்றி இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் தீர்ப்புகளைப் பார்ப்போம்.

உங்கள் கணவர் சொன்னதில் பாதி சத்தியம். இந்த மாதிரிக் குழந்தைகளுக்கு இருப்பதை ஏ.டி.எச்.டி. என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். கவனம் நிலைக்காமை, அளவு மீறிய துறுதுறுப்பு, யோசிப்பதற்கு முன் பாய்ந்துவிடும் சுபாவம் ஆகியவை சேர்ந்தது அது. சிலருக்கு மூன்றும் உண்டு. சிலருக்குக் கவனம் மட்டும்தான் நிற்பதில்லை. உயரம் எவ்வளவு தூரம் பரம்பரையாக வருமோ, ஏறக்குறைய அவ்வளவு தூரம் இதுவும் பரம்பரையாக வருகிறது என்று இரட்டைக் குழந்தைகளை வைத்து நடந்த ஆராய்ச்சிகள் காட்டியிருக்கின்றன. ஆகவே, "நானும் இப்படித்தான் இருந்தேன்" என்று அப்பா சொல்வது டாக்டருக்கு மிகவும் உபயோகமான தகவல். புளிய விளாறால் சரியாய்ப் போயிற்று என்பதைத்தான் நான் நம்பத் தயாராயில்லை. சகோதரி, ஒன்று கேட்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள்: காலையில் ஆபீஸ் கிளம்புகிற நேரத்தில் உங்கள் வீட்டில் ஸ்கூட்டர் சாவியைத் தேடுகிறவர் யார்? கரண்ட் பில்லைக் கடைசி நாள் தாண்டிக் கட்டுகிறவர் யார்? வயது ஏற ஏற ஓட்டமும் குதியும் குறையும். மறதியும் அலைபாய்ச்சலும் பல பேருக்குக் கூடவே வரும்.

மாமியாரின் "வளர்ப்பு" என்ற சொல்லுக்கு வயது அதிகம். அவரை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. பெரிய பெரிய டாக்டர்களே அப்படித்தான் நினைத்தார்கள். லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை வைத்தியர் 1902-இல் இத்தகைய குழந்தைகளைப் பற்றி வைத்தியர்கள் கூடிய சபையில் பிரசங்கம் செய்தார். புத்தியில் குறைவில்லாத குழந்தைகள் ஏன் இப்படி இருக்கிறார்கள் என்று கூர்மையாகக் கவனித்தவர்தான். ஆனாலும் அவர் அதற்கு வைத்த பெயர், ஒழுக்கக் கட்டுப்பாட்டில் குறை என்பது! பிறகு "மூளையில் சிறு கோளாறு" என்றார்கள். இன்று வழங்கும் பெயர் நிலைத்தது 1987-இல்தான். டாக்டர்களுக்கே ஒழுக்கம் என்ற வார்த்தையை விட்டு வர இத்தனை காலம் ஆயிற்று என்றால், நம் வீட்டுப் பெரியவர்களிடம் கொஞ்சம் பொறுமையாக இருக்கலாம்.

ஆனால் வளர்ப்புக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லையா? சம்பந்தம் உண்டு, மாமியார் நினைக்கிற திசையில் இல்லை. அமெரிக்காவில் பார்க்லி, கன்னிங்ஹாம் என்ற இருவர் 1979-இல் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்று உண்டு. இப்படிப்பட்ட பிள்ளைகளையும் அவர்கள் தாய்மார்களையும் ஓர் அறையில் விட்டுக் கவனித்தார்கள். பையனுக்கு மருந்து கொடுத்த நாளில் அவன் சொன்ன பேச்சைக் கேட்டான். உடனே தாயாரின் அதட்டலும் உத்தரவும் தாமாகவே குறைந்துவிட்டன. வெறும் மாத்திரை கொடுத்த நாளில் பழைய அதட்டல் திரும்பி வந்துவிட்டது. தாய்க்கு யாரும் புத்திமதி சொல்லவில்லை. அவள் மாறவும் இல்லை. "நீ கத்துவதால்தான் அவன் இப்படி ஆனான்" என்று யாராவது சொன்னால், இந்த ஆராய்ச்சியை நினைத்துக்கொள்ளுங்கள். அவன் இப்படி இருப்பதால்தான் நீங்கள் கத்தும்படி ஆயிற்று. பிறகு அதைக் கேட்டு அவன் இன்னும் மோசமாகிறான். நீங்கள் இன்னும் பலமாகக் கத்துகிறீர்கள். செக்கு மாடு மாதிரி இருவரும் சுற்றுகிறீர்கள்.

இன்னொன்று. "சாக்லெட்டும் ஸ்வீட்டும் கொடுத்துக் கெடுத்தது" என்பது பல வீடுகளில் கேட்கிற பேச்சு. 1994-இல் இதையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். "என் பையனுக்குச் சர்க்கரை உள்ளே போனால் தலைகால் தெரியாது" என்று சொல்லும் தாய்மார்களைக் கூப்பிட்டு, ஒரு பாதிப் பேரிடம் "உங்கள் பையனுக்கு இப்போது நிறையச் சர்க்கரை கொடுத்திருக்கிறோம்" என்றார்கள். உண்மையில் எந்தப் பையனுக்கும் ஒரு கரண்டி சர்க்கரைகூடக் கொடுக்கவில்லை. அப்படியும் அந்தத் தாய்மார்களுக்குத் தங்கள் பிள்ளை அன்றைக்குத் துள்ளிக் குதிப்பதாகத் தோன்றியது. அவர்கள் பிள்ளையை விட்டு நகரவில்லை. குற்றமும் அதிகமாகக் கண்டுபிடித்தார்கள். பிள்ளையைப் பற்றி நாம் காதில் வாங்கிய பேச்சு நம் கண்ணை எவ்வளவு ஏமாற்றுகிறது பாருங்கள்! சர்க்கரை என்ற ஒரு சொல்லுக்கே இந்தச் சக்தி என்றால், "சோம்பேறி", "திமிர் பிடித்தவன்", "உருப்படாதவன்" என்பனவற்றுக்கு எவ்வளவு இருக்கும்? இவற்றை நம்மோடு சேர்ந்து இன்னொரு ஜீவனும் தினமும் கேட்டுக்கொண்டிருக்கிறது. ஒன்பது வயதில் அவன் அதை நம்பவும் ஆரம்பித்துவிடுகிறான்.

"செல்போனைக் கொடுத்தால் இரண்டு மணி நேரம் கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்காருகிறானே, அப்போது மட்டும் கவனம் எங்கிருந்து வருகிறது?" என்று மூன்றாம் பக்கத்தில் கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி. குழாயில் தண்ணீர் இல்லாமல் இல்லை, சகோதரி. திருகுகிற பிடிதான் தளர்ந்திருக்கிறது. நொடிக்கு நொடி புதிதாக ஒன்று காட்டி, நொடிக்கு நொடி "சபாஷ்" சொல்லும் கருவியின் முன்னால் அந்தப் பிடிக்கு வேலையே இல்லை. ஏழாம் வாய்ப்பாட்டுக்கு முன்னால்தான் வேலை. அந்தப் பிடியைத் தரும் மூளைப் பகுதிகள் இத்தகைய பிள்ளைகளுக்குச் சராசரியாக 3 ஆண்டு தாமதமாக முதிர்கின்றன என்று 2007-இல் மூளைப் படங்கள் எடுத்து ஒப்பிட்டுச் சொன்னார்கள். எனவே உங்கள் ஒன்பது வயதுப் பையனிடம், பையைத் தானே அடுக்குவது, நேரம் பார்த்துக் கிளம்புவது போன்ற காரியங்களில் ஆறு வயதுப் பிள்ளையிடம் எதிர்பார்ப்பதை மட்டும் எதிர்பாருங்கள். புத்தியில் அவன் ஒன்பதுதான்; பொறுப்பில் ஆறு. இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டாலே சாயங்கால யுத்தத்தில் பாதி ஓய்ந்துவிடும்.

மீதிப் பாதிக்குச் சில உபாயங்கள். அடுக்களையிலிருந்து குரல் கொடுக்காதீர்கள். பக்கத்தில் போய்த் தோளைத் தொட்டு, ஒரே ஒரு காரியத்தைச் சொல்லுங்கள். "கை கால் கழுவிட்டு, டிரஸ் மாத்திட்டு, பால் குடிச்சுட்டு, படிக்க உட்காரு" என்பதில் அவனுக்குக் கடைசி வார்த்தைகூட நிற்காது. பாடத்தைப் பத்துப் பத்து நிமிஷமாகத் துண்டு போடுங்கள். நடுவில் மாடிப்படி ஏறி இறங்கட்டும். செய்ததை அந்தக் கணமே பாராட்டுங்கள். ஞாயிற்றுக்கிழமை பீச்சுக்கு அழைத்துப் போகிறேன் என்ற வாக்குறுதி அவனுக்கு அடுத்த ஜன்மத்துச் சமாசாரம். டீச்சரிடமும் ஒரு வார்த்தை: முதல் பெஞ்சில், ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் உட்கார வைத்து, போர்டு துடைக்கிற வேலையையும் அவனுக்கே கொடுக்கச் சொல்லுங்கள்.

எல்லாத் துடுக்குப் பிள்ளைக்கும் இந்தப் பெயரை ஒட்டிவிடக் கூடாது, அதையும் சொல்லிவிடுகிறேன். 12 வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும். வீடு, பள்ளிக்கூடம் என்று ஓரிடத்துக்கு மேல் தெரிய வேண்டும். ஆறு மாதமாவது நீடித்து, படிப்பையோ பழக்கத்தையோ கெடுக்க வேண்டும். அப்போதுதான் டாக்டர் அப்படிச் சொல்வார். காது, கண், தூக்கம் இவற்றில் ஏதாவது கோளாறா என்றும் பார்ப்பார். மருந்து என்றால் பயப்பட வேண்டாம். அது குழந்தையை மயக்கிப் போடும் மருந்து அல்ல. தளர்ந்த பிடியை இறுக்கித் தருவது. பசி குறையலாம், தூக்கம் தள்ளிப் போகலாம். அதற்காகவே எடை, உயரம், நாடி எல்லாம் அவ்வப்போது பார்ப்பார்கள். பக்கத்து வீட்டு மாமி பேச்சைக் கேட்டு ஆரம்பிக்கவும் வேண்டாம், அதே மாமி பேச்சைக் கேட்டு நிறுத்தவும் வேண்டாம்.

பையன் விஷயம் இவ்வளவுதான். இனிமேல் சொல்லப் போவதுதான் இரண்டு நாளாக என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது.

நாலாம் பக்கத்தின் அடியில், கையெழுத்துக்கு மேலே, இரண்டே வரி எழுதியிருக்கிறீர்கள்: "பெரியவள் ப்ளஸ் ஒன் படிக்கிறாள். அவளால் ஒரு தொந்தரவும் இல்லை. வீட்டுக்கு வந்தால் அறைக்குள் போய்விடுவாள், இருக்கும் இடமே தெரியாது. முன்னே தம்பியோடு சண்டையாவது போடுவாள், இப்போது அதுவும் இல்லை."

இரண்டாம் பக்கத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். டீச்சர் உங்களைக் கூப்பிட்டு அனுப்பிய கதையின் நடுவே, "அன்றைக்கும் பெரியவள் தலைவலி என்று லீவு போட்டுப் படுத்திருந்தாள்" என்று ஒரு வாக்கியம். அன்றைக்கும் என்றால்? எத்தனை நாளாக?

சகோதரி, உங்களைப் பயமுறுத்த எனக்கு ஆசையில்லை. அந்தப் பெண்ணுக்கு ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். பதினாறு வயதில் பெண்கள் அறைக் கதவைச் சாத்திக்கொள்வது உலக வழக்கந்தான். ஆனால் தம்பியோடு போட்ட சண்டை நின்றுவிட்டது என்கிறீர்களே, அது எனக்குப் பிடிக்கவில்லை.

மனச்சோர்வு என்று ஒரு நோய் குழந்தைகளுக்கு வரும் என்பதையே டாக்டர்கள் வெகுகாலம் ஏற்கவில்லை. ஐரோப்பியக் குழந்தை மனநல வைத்தியர்கள் 1971-இல் ஸ்டாக்ஹோமில் கூடி இதையே பிரதானப் பொருளாக எடுத்துப் பேசினார்கள். அதற்கப்புறந்தான் மெல்ல மெல்ல ஒப்புக்கொண்டார்கள். நம் நாட்டில் 2015–16-இல் நடந்த தேசிய மனநலக் கணக்கெடுப்பில், 13 முதல் 17 வயது வரை உள்ளவர்களில் 7.3 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலக் குறைவு இருப்பதாகத் தெரிந்தது. நாற்பது பேர் உள்ள வகுப்பில் மூன்று பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மனச்சோர்வு மட்டும் பெரியவளான பெண்களுக்கு, பையன்களைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு வருகிறது.

அது எப்போதும் அழுகையாக வருவதில்லை. இந்த வயதில் எரிச்சலாக வரும்: "என்னை விடு!" என்ற ஒரே பதிலாக. தலைவலியாக, வயிற்று வலியாக வரும். ஸ்கேன் எடுத்தால் ஒன்றும் இருக்காது. இரவு இரண்டு மணி வரை விளக்கு எரியும், அல்லது விடுமுறை நாளில் பகல் முழுவதும் தூக்கம். மார்க் இறங்கும். மார்கழியில் விடியற்காலை எழுந்து கோலம் போட்டுக்கொண்டிருந்த பெண் கோலப்பொடியைத் தொட மாட்டாள். பிடித்த சிநேகிதியின் போனை எடுக்க மாட்டாள். இவற்றில் சில சேர்ந்து இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் டாக்டரைப் பார்க்க வேண்டும்.

இங்கேதான் நம் வீடுகளில் ஒரு வாக்கியம் தயாராக இருக்கும்: "உனக்கு என்னடி குறைச்சல்? சோறு இல்லையா, துணி இல்லையா? நாங்களெல்லாம் ஒற்றைப் பாவாடையைத் துவைத்துத் துவைத்துக் கட்டினோம்!" உண்மைதான், கட்டினோம். அதனால் அவளுக்கு வந்த நோய் குறைந்துவிடாது. "எனக்கு ஒரு குறையும் இல்லை, ஆனாலும் என்னால் எழுந்திருக்க முடியவில்லை, ஆகையால் நான்தான் மோசமானவள்" என்று அவளே ஏற்கனவே தீர்மானம் செய்து வைத்திருப்பாள். நீங்கள் கேட்கிற கேள்வி அந்தத் தீர்மானத்துக்குக் கையெழுத்துப் போட்டதாக ஆகும்.

தம்பிக்காக வீடே இரண்டு மணி நேரம் தினமும் அலறுகிறது. அந்தச் சத்தத்தில், இன்னொரு பாரமாக இருந்துவிடக் கூடாது என்று அவள் ஒதுங்கிக்கொண்டாளோ என்னவோ! நாமும் "தங்கமான பெண்" என்று பெயர் வைத்துவிட்டு நிம்மதியாக இருந்துவிட்டோம். வசவுப் பெயர் மாதிரியே பாராட்டுப் பெயரும் சில சமயம் பிள்ளையை மறைத்துவிடுகிறது.

இன்று ராத்திரியே, தம்பி தூங்கிய பிறகு, அவள் அறைக்குப் போய்க் கட்டிலில் உட்காருங்கள். கேள்வி கேட்க அவசரப்படாதீர்கள். "கொஞ்ச நாளா நீ நீயா இல்லையேம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சும்மா இருங்கள். "ஒண்ணுமில்லை" என்பாள். நாளைக்கும் போய் உட்காருங்கள். அவள் பேசத் தொடங்கினால் பதில் சொல்லாதீர்கள். தேவாரம், திருக்குறள், பெரியப்பா மகள் எப்படிப் படித்தாள் என்ற கதை, எதுவும் வேண்டாம். பேச்சு கனத்தால், "செத்துப் போயிடலாம்னு எப்போவாவது தோணியிருக்கா?" என்று நேராகவே கேளுங்கள். இப்படிக் கேட்பதால் இல்லாத எண்ணம் முளைத்துவிடும் என்ற பயம் பல தாய்மார்களுக்கு உண்டு. முளைக்காது, இருப்பவர்களுக்குச் சொல்ல ஒரு வாசல் கிடைக்கிறது. "ஆமாம்" என்றாளானால் 18-ஆம் தேதி வரை காத்திருக்க வேண்டாம். அவளைத் தனியே விடாதீர்கள். மாமியாரின் பிரஷர் மாத்திரை, சர்க்கரை மாத்திரை உள்படச் சகல மருந்துகளையும் பூட்டி வையுங்கள். 14416 என்ற எண்ணைக் கூப்பிடுங்கள். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய 'டெலி மானஸ்' என்ற இலவசத் தொலைபேசி உதவி அது. இரவு பகல் எந்நேரமும், தமிழிலேயே பேசுவார்கள். விடிந்ததும் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளிலும் மனநலப் பிரிவு உண்டு.

நாளைக்கு வரன் பார்க்கும்போது வெளியே தெரிந்துவிடுமே என்ற கவலை உங்கள் மாமியாருக்கு வரும்; உங்களுக்கும் வரும், எனக்குத் தெரியும். 2017-ஆம் வருஷத்து மனநலச் சட்டப்படி, நோயாளியைப் பற்றிய விவரங்களை ரகசியமாக வைத்துக்கொள்வது டாக்டரின் கடமை. பேச்சு வைத்தியமோ மருந்தோ எடுத்துக்கொண்டு பழையபடி கலகலப்பாகிவிடுகிற பெண்கள் ஏராளம். யாருக்கும் தெரியாமல் இருக்க வேண்டும் என்று வைத்தியமே பார்க்காமல் விடுவதில்தான் ஆபத்து.

ஆகையால் அந்த 18-ஆம் தேதியைப் பற்றி: டாக்டரின் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து, பையனுக்கு வேறொரு தேதி கேட்டு வாங்குங்கள். அவன் மூன்று வாரம் பொறுப்பான். அதுவரை பத்து நிமிஷப் பாடத்தையும் மாடிப்படியையும் வைத்துச் சமாளிக்கலாம். 18-ஆம் தேதி பெண்ணை அழைத்துக்கொண்டு போங்கள். அன்றைக்குத் தம்பியைக் கூட்டிப் போக வேண்டாம், பாட்டியிடம் விட்டுவிடுங்கள். டாக்டர் உங்களைக் கொஞ்ச நேரம் வெளியே இருக்கச் சொன்னால் கோபித்துக்கொள்ளாமல் போய் உட்காருங்கள். மாமியார் கேட்டால், தலைவலிக்குக் காட்டப் போகிறோம் என்று சொல்லுங்கள். அது பொய்யும் இல்லை.